ஓர் எழுத்து மாறினால் ஆள் மாறுவாரா?

மனிதன் பிறந்தவுடன் பெறும் முதல் உடைமை அவனுடைய பெயர். அவன் மறைந்த பின்னும் இவ்வுலகில் எஞ்சி நிற்பதும் அதுவே. நிலமும் பொருளும் கைமாறலாம், பெயர் கைமாறுவதில்லை. ஆயினும், அப்பெயர் தம்முடையதே என்று மெய்ப்பிக்க முடியாமல் அலுவலக வாயில்களில் காத்துக் கிடக்கும் மக்களை இன்று நாம் ஊர்தோறும் காண்கிறோம்.

பொது நிர்வாகத்தில் கணினி புகுந்ததால் விளைந்த நன்மைகள் பல. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தே பெற முடிகிறது. உதவித்தொகை இடைத்தரகரின் கைபடாமல் வங்கிக் கணக்கில் சேர்கிறது. மாவட்டத் தலைநகருக்கு நடையாய் நடந்த காலம் மாறி, அருகிலுள்ள இ-சேவை மையத்தில் காரியம் முடிகிறது. இவற்றை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால், எந்த மாற்றமும் தன்னோடு ஒரு சுமையைக் கொண்டுவரும். அச்சுமை யார் தோளில் ஏறுகிறது என்று பார்ப்பதே நல்லாட்சியை அளக்கும் கோல். அம்மாற்றத்தின் ஒரே ஒரு கூறை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் மற்றோர் ஆவணத்தில் வேறுவிதமாகவும் ஒரே பெயர் எழுதப்பட்டிருந்தால், அவ்வேறுபாட்டின் சுமையைச் சுமக்க வேண்டியவர் யார்? குடிமக்கள் அல்லர், நிர்வாகமே என்பது நம் துணிபு.

ஏட்டுக் காலமும் ‘என்கிற’ என்னும் சொல்லும்

பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டுவோர் ஒரு சொல்லை அடிக்கடி காண்பர். ‘சாகுல் அமீது என்கிற செய்யது’ என்பது போல ஒருவரின் இரு பெயர்களையும் ‘என்கிற’ என்ற ஒரு சொல் இணைத்து நிற்கும். வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் வாணிகத்தில் ஒரு பெயரும் வழங்கிய நாடு இது. பத்திரம் எழுதுவோர் அந்த உண்மையை மறைக்கவில்லை. ஒரு சொல்லால் அதற்கு இடம் கொடுத்தனர். பதிவேட்டில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தாலும், கிராம அலுவலர் ஆளை அறிந்திருந்ததால் காரியம் நடந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆளை அறிந்தவர், வேண்டியவருக்கு விரைந்தும் வேண்டாதவருக்குத் தாழ்த்தியும் செய்ய இயலும். கையூட்டும் தயவும் அந்த அறிமுகத்தின் நிழலில்தான் வளர்ந்தன. 1980-இல் பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டதற்கு இத்தகைய குறைகளும் காரணம். இயந்திரம் ஆள் பார்த்துச் செய்வதில்லை. அது அதன் பெருமை. ஆனால், ஆள் பார்க்காத இயந்திரம் ஆளை அறியவும் அறியாது. அது அதன் குறை.

நம் பெயர்களின் இயல்பு

இக்குறையால் தமிழ்நாட்டில் அனைவரும் துன்புறுகின்றனர். எனினும், தமிழ் முஸ்லிம்களின் பெயர்களில் இத்துன்பம் மும்மடங்காகிறது. காரணம் வெளிப்படை. நம் பெயர்களுள் பெரும்பாலானவை அரபு மொழியில் பிறந்து, தமிழில் வளர்ந்து, ஆங்கிலத்தில் பதிவாகின்றன. மூன்று மொழிகளுக்கும் மூன்று எழுத்து முறைகள். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

அரபு எழுத்தில் குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை; படிப்போர் அவற்றை உணர்ந்து சேர்த்துக்கொள்வர். ஆகவே ஒரே பெயர் ஒருவர் வாயில் காதிர் என்றும் மற்றொருவர் வாயில் காதர் என்றும் ஒலிக்கிறது. தமிழிலோ வல்லெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவம். அரபியில் வேறுபட்ட பல ஒலிகள் நம் ககரம் ஒன்றினுள் அடங்கிவிடுகின்றன. சொல்லின் முதலில் ரகரம் வாராது என்ற மரபால் ரகீம் இரகீமாகிறார். மெய்யில் முடியும் பெயர் உகரம் ஏற்று, ஹமீத் அமீதாகவும் அமீதுவாகவும் மாறுகிறார். கிரந்த எழுத்தை ஏற்போர் ஷாஹுல் ஹமீது என எழுதுவர். தனித்தமிழ் விழைவோர் சாகுல் அமீது என எழுதுவர். இவற்றுள் எதுவும் பிழையன்று. பிறமொழிச் சொல்லைத் தமிழோசைக்கு இயைய எழுதும் நெறி தொல்காப்பியர் காலத்தது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபுப் பெயர்களைத் தமிழோசைக்கு இசைவித்ததும் அந்நெறி வழியேயாம்.

ஆங்கிலத்துக்குச் சென்றால் குழப்பம் பெருகுகிறது. முகம்மது என்னும் ஒரு பெயரை எழுத, முதலசையில் ‘ஓ’ இடுவோர் உளர். ‘யு’ இடுவோர் உளர். ‘எம்’ ஒன்று போதும் என்போரும் இரண்டு வேண்டும் என்போரும் உளர். ஈற்றசையில் ‘ஏ’ எழுதுவோரும் ‘இ’ எழுதுவோரும் உளர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்த குடும்பங்கள் பிரெஞ்சு முறைப்படி எழுதிய வடிவங்களை இன்றும் சுமக்கின்றன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவரின் சான்றிதழ்களில் தந்தையின் பெயர் மூன்று விதமாக இருப்பது நம் கல்லூரிகளில் சேர்க்கைப் பணி பார்ப்போருக்குப் பழகிய காட்சி.

இதன்மேல் தலைப்பெழுத்து என்னும் சிக்கல். தமிழர்க்குக் குடும்பப் பெயர் வழங்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும், சில ஊர்களில் ஊர்ப்பெயர், வீட்டுப்பெயர், பாட்டனார் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளும் பெயருக்கு முன் அணிவகுக்கும். வருமான வரிக் கணக்கு எண்ணுக்கான படிவமோ தலைப்பெழுத்தை ஏற்பதில்லை. விரித்து எழுதச் சொல்கிறது. கடவுச்சீட்டு, பெயரை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறது. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்கள் பார்வையாளர் விசாவில் நுழைய இயலாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் கலங்கின என்பதை நாம் அறிவோம். தந்தை பெயர் கடவுச்சீட்டில் குறிக்கப்பட்டிருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பின்னர் வந்ததால் கலக்கம் ஒருவாறு தணிந்தது.

இயந்திரத்தின் கண்

மனிதக் கண் சொல்லைப் பார்க்கிறது. இயந்திரக் கண் எழுத்தெண்ணைப் பார்க்கிறது. கணினிக்குள் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இவையெல்லாம் போற்றத்தக்க முன்னேற்றங்கள். எனினும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கும் ஒன்றாகத் தெரியும் என்ற உறுதி இல்லை.

மௌலானா என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். அதன் முதலெழுத்தில் உள்ள ஔகாரக் குறியும் ளகரமும் அச்சில் ஒன்றுபோலவே தோன்றும். தட்டச்சு செய்பவர் ஔகாரக் குறிக்கு மாறாக ளகரத்தை அடித்துவிட்டால் படிப்பவர் வேறுபாடு காணமாட்டார். கணினியோ, இவர் வேறு அவர் வேறு என்று கைவிரித்துவிடும். இடைவெளி ஒன்று மிகுந்தாலும் புள்ளி ஒன்று குறைந்தாலும் இதே கதிதான். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. இன்று எழுதியவனும் தப்பித்துக்கொள்கிறான், படித்த கணினியும் தப்பித்துக்கொள்கிறது. பெயருக்கு உரியவனே தண்டனை பெறுகிறான்.

ஆதாரில் தமிழ்ப்பெயர் எவ்வாறு அமைகிறது? ஆங்கிலத்தில் எழுதிய பெயரை மென்பொருள் தமிழாக்கித் தருகிறது. பதிவு செய்பவரும் உரியவரும் அதைச் சரிபார்க்க வேண்டும். நீண்ட வரிசையில் நின்று, எழுதப் படிக்க அறியாத மூதாட்டி ஒருவர் அதை எவ்வாறு சரிபார்ப்பார்? பின்னர்த் திருத்தலாம் என்றாலும், பெயரை வாழ்நாளில் இருமுறையே திருத்தலாம் என்று 2019-இல் வரம்பு விதிக்கப்பட்டது. அதற்கும் மேற்பட்டால் தனி அனுமதி வேண்டும்.

துன்பம் எங்கே நிகழ்கிறது?

முதலாவதாக, மாணவரிடத்தில். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. மாதம் 1000 ரூபாய், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கில் சேர்கிறது. ஏழை மாணவருக்கு அது பேருந்துக் கட்டணம், உணவு, தேர்வுக் கட்டணம். இத்தகைய உதவிகளுக்குப் பள்ளிச் சான்றும் ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிடின், படிக்க வேண்டிய நாள்களில் மாணவர் திருத்த மையத்துக்கும் வங்கிக்கும் இடையே நடக்கிறார்.

இரண்டாவதாக, தொழிலாளரிடத்தில். நெல்லை, வேலூர்ப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் உழைப்போரும் கூலியிலிருந்து பிடித்த தொகையை வருங்கால வைப்பு நிதியில் சேமிக்கின்றனர். 2021-இல் அந்நிதிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது கட்டாயமாயிற்று. பல்லாண்டுகளுக்கு முன் கணக்கர் ஒருவர் செவிவழிக் கேட்டு எழுதிய பெயர், ஆதாரில் உள்ள பெயரோடு ஒவ்வாதபோது, தம் சொந்தச் சேமிப்பையே பெற முடியாமல் தொழிலாளர் தவித்தனர். திருத்த வேண்டுமென்றால் முதலாளியின் ஒப்பம் வேண்டும். நிறுவனம் மூடப்பட்டிருந்தால் அதுவும் அரிது. 2025 ஜனவரியில் இவ்விதி தளர்த்தப்பட்டது. 2017 அக்டோபர் முதல் வழங்கப்பட்ட, ஆதார் வழிச் சரிபார்க்கப்பட்ட கணக்கு எண் உடையோர் பெயர் முதலியவற்றைத் தாமே திருத்திக்கொள்ளலாம் என்றாயிற்று. விதி மனிதரால் ஆனது, மனிதரால் தளர்த்தக்கூடியது என்பதற்கு இதுவே சான்று. அதற்கு முன்னர் கணக்குத் தொடங்கிய முதியோருக்கன்றோ இச்சலுகை மிகுதியும் தேவை?

மூன்றாவதாக, வாக்காளரிடத்தில். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிக் காட்டுமாறு மக்கள் கேட்கப்பட்டனர். அன்றைய பட்டியலில் ஒருவிதமாகவும் இன்றைய அட்டையில் வேறுவிதமாகவும் இருக்கும் தந்தையின் பெயரைத் தேடி இளைஞர்கள் அலைந்ததை நாம் கண்டோம். உதவித்தொகை இழந்தவர் ஓராண்டை இழக்கிறார். வாக்குரிமை இழந்தவர் குடிமைக்குரிய குரலையே இழக்கிறார்.

சிறு பிழையைக் குற்றமாகக் கருதும் நிர்வாகம் எங்கு சென்று முடியும் என்பதற்கு நெதர்லாந்து ஓர் எச்சரிக்கை. அந்நாட்டில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர், படிவத்தில் ஒப்பம் விடுபட்டமை போன்ற சிறு குறைகளுக்காக மோசடிக்காரராகக் கருதப்பட்டுத் தொகை முழுவதையும் திருப்பிச் செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். குடியுரிமை நிலையும் ஐயத்துக்குரிய அடையாளமாகக் கொள்ளப்பட்டதால், புலம்பெயர்ந்த வழியினர் பெரிதும் அல்லலுற்றனர். உண்மை வெளிப்பட்டபின் 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது.

எதிர்வாதமும் விடையும்

எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிடின் ஆள்மாறாட்டம் பெருகும் என்பர். இவ்வச்சம் புறந்தள்ளத் தக்கதன்று. இல்லாத பயனாளிகளின் பெயரில் பொதுப்பணம் கரைந்த வரலாறு நம்மிடம் உண்டு. ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டும்: போலி ஆவணம் செய்பவன் எழுத்துப் பிழை விடமாட்டான். அவன் எல்லா ஆவணங்களையும் ஒரே அமர்வில், ஒரே எழுத்தில் செய்துகொள்வான். ஐம்பது ஆண்டு வாழ்வில், ஐந்து அலுவலகங்களில், ஐந்து எழுத்தர்கள் எழுதிய பெயரில்தான் வேறுபாடு இருக்கும். ஆகவே எழுத்து வேறுபாட்டை மட்டும் கொண்டு வஞ்சகரைக் கண்டறிய முயல்வது, நேர்மையாளரைப் பிடித்து வஞ்சகரை விடுவதாகும்.

இயந்திரத்தால் இயலாது என்பதும் பொருந்தாது. ஒலியால் பெயர்களை ஒப்பிடும் முறைக்கு அமெரிக்காவில் இராபர்ட் ரசல் என்பவர் 1918-லேயே காப்புரிமை பெற்றார். கணினி பிறக்கும் முன்பே அட்டைகளைக் கொண்டு அது செயற்பட்டது. இரு சொற்களுக்கு இடையே எத்தனை எழுத்துத் தொலைவு என்று அளக்கும் வழியைச் சோவியத் அறிஞர் லெவன்ஷ்டெயின் 1965-இல் வகுத்தார். நம் நூலகங்களைப் பாருங்கள். ஓராசிரியரின் பெயர் பத்து விதமாக அச்சிடப்பட்டிருந்தாலும், நூலகர் அவற்றை ஒரு தலைப்பின் கீழ் இணைத்து, ‘காண்க’ என்று வழிகாட்டுவார். பழம்பத்திரத்தின் ‘என்கிற’, நூலகத்தின் ‘காண்க’ இரண்டும் ஒரே ஞானத்தின் இரு வடிவங்கள்: பெயர் பலவாகலாம், ஆள் ஒருவரே. இந்த ஞானத்தைக் கணினிக்குக் கற்பிக்கத் தடையாக இருப்பது தொழில்நுட்பக் குறையன்று, கொள்கைக் குறையே.

அரசு செய்ய வேண்டுவன

முதலாவதாக, ஒருவரின் பிறந்தநாள், எண், முகவரி முதலியன பொருந்தி, பெயரில் மட்டும் எழுத்து வேறுபாடு இருப்பின், இருவரும் ஒருவரே என்று கொள்ளும் பொதுவிதி எல்லாத் துறைகளுக்கும் வேண்டும். ஐயம் எழுந்தால் அதை மெய்ப்பிக்கும் கடமை துறையைச் சார்ந்ததாக வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பதிவிலும் மாற்று வடிவங்களுக்கென ஓரிடம் வேண்டும். ‘என்கிற’ என்னும் சொல்லுக்குக் கணினியிலும் இடம் கொடுப்பது அரிதன்று.

மூன்றாவதாக, பொருந்தவில்லை என்று கணினி சொன்னதே இறுதித் தீர்ப்பு ஆகலாகாது. மறுக்கும்போது காரணத்தைத் தமிழில் எழுதி, பொறுப்பான அலுவலரின் பெயரும் பதவியும் குறித்து, மேல்முறையீட்டு வழியும் காட்டித் தர வேண்டும். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தை உடைய மாநிலத்தில், குறுஞ்செய்தியாக வரும் ஆங்கிலக் குறியீட்டை மக்கள் தாமே பொருள்கொள்ள வேண்டும் என்பது முறையன்று. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிழையான தரவைத் திருத்தும் உரிமையை வகுத்துள்ளது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. ஏட்டில் உள்ள உரிமை தாலுகா அலுவலகம் வரை நடந்து வர வேண்டும்.

நான்காவதாக, அரசின் கணக்கரோ மென்பொருளோ செய்த பிழையைத் திருத்தக் கட்டணமும் வேண்டா, வரம்பும் வேண்டா. 2020-இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. குறைகள் சுட்டப்பட்டதும் அதே ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெற்றது. அரசு தன் எழுத்தைத் திருத்திக்கொள்ள ஓர் ஆணை போதுமென்றால், ஏழையின் பெயரைத் திருத்த மட்டும் உறுதிமொழிப் பத்திரமும் அரசிதழ் அறிவிப்பும் ஏன்?

நாம் செய்ய வேண்டுவன

அரசை நோக்கிக் கை நீட்டிவிட்டு நாம் வாளா இருத்தலும் தகாது. நம் சமுதாயத்தில் பிள்ளை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டும் நன்மரபு உண்டு. அந்நாளிலேயே அப்பெயரை அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மூவெழுத்திலும் தெளிவாக எழுதி, பள்ளிவாசல் இமாமும் பெற்றோரும் ஒப்பமிட்டு வைத்துக்கொண்டால் என்ன? பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம் உண்டு. 2023 அக்டோபர் முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றே அடிப்படை. அச்சான்றில் அமையும் எழுத்து, வாழ்நாள் முழுதும் உடன்வரும். ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேட்டில் மணமக்களின் பெயரை அவர்தம் சான்றுகளில் உள்ளவாறே எழுதுதலும் வேண்டும்.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் தனிக் கடமை உண்டு. அரபுத்தமிழ் கண்ட முன்னோர், அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென எழுத்துகளைச் சமைத்து, ஒலிபெயர்ப்பைக் கலையாகவே வளர்த்தனர். அவர்தம் வழியில் வந்த நாம், தமிழ் முஸ்லிம் பெயர்களின் வழக்கு வடிவங்களையெல்லாம் தொகுத்து ஒரு பெயரடைவு உருவாக்கலாகாதா? அரபுத்துறையும் கணினித்துறையும் கைகோத்தால் அது முனைவர் பட்ட ஆய்வாகவும் ஆகும். மென்பொருள் அமைப்போருக்கு வேண்டிய கருவியாகவும் ஆகும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் அமர்ந்து முதியோரின் ஆவணங்களை ஒப்பிட்டுத் திருத்த விண்ணப்பம் எழுதித் தந்தால், அது நூறு சொற்பொழிவுகளினும் மேலான தொண்டாகும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் திருமறையின் பகரா அத்தியாய வசனம், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. எழுத்தின் பொறுப்பு எழுதுவோர் மீதே என்பது அதன் குறிப்பு. எழுதுகோல் விசைப்பலகையாயிற்று, ஏடு திரையாயிற்று, எழுத்தர் இருந்த இடத்தில் மென்பொருள் இருக்கிறது. பொறுப்பு மட்டும் இடம் மாறிக் குடிமக்கள் தலைமேல் ஏறிவிடக் கூடாது. ஓர் எழுத்து மாறினால் ஆள் மாறிவிடமாட்டார். அதை உணரும் நிர்வாகத்தைக் கேட்டுப் பெறுவதும், இன்று பயிலும் மாணவர்கள் நாளை அலுவலர்களாகி அந்நாற்காலிகளில் அமரும்போது அதை மறவாதிருப்பதும் நம் கடமை.